‘ஃப்ரீ’ டேட்டாவுக்கு யார் பணம் கட்டுறாங்க? உங்க ரீசார்ஜுக்குள்ள இருக்கற ரெண்டு பாதைகள்

உங்க போன்ல இருந்து அம்மாவுக்கு ஒரு சாதாரண கால் போடுங்க. பேசி முடிச்சுட்டு, அதே இடத்துல நின்னுக்கிட்டே வாட்ஸ்அப்ல ஒரு கால் போடுங்க. ரெண்டுமே அதே 4ஜி டவர் வழியாத்தான் போகுது. ரெண்டுலயும் உங்க குரல் டேட்டாவா மாறித்தான் போகுது. ஆனா முதல் காலுக்கு உங்க டேட்டா பேலன்ஸ்ல ஒரு எம்பி கூட குறையாது. டவர்ல கூட்டம் இருந்தாலும் பெரும்பாலும் குரல் உடையாது. ரெண்டாவது கால் டேட்டாவைச் சாப்பிடும். ராத்திரி எட்டு மணிக்கு ஏரியாவே ஐபிஎல் பார்த்துக்கிட்டு இருந்தா, “ஹலோ, கேக்குதா?”ன்னு கத்திக்கிட்டே இருக்கணும்.

இதுல யாரும் உங்களை ஏமாத்தல. முதல் கால் போற பாதைக்குப் பேர் மேனேஜ்டு நெட்வொர்க். போன் திரையில சிக்னல் பக்கத்துல ‘வோல்டிஇ’ன்னு சின்னதா ஒரு அடையாளம் தெரியும் பாருங்க, அது இதுதான். குரலுக்குன்னு தனியா ஒரு இடத்தை டெலிகாம் கம்பெனியே ஒதுக்கி, இவ்வளவு வேகம் குறையாமக் கிடைக்கணும்னு நெட்வொர்க்குக்குள்ள உத்தரவு போட்டு வெச்சிருக்கு. ரெண்டாவது கால் போறது நியூட்ரல் பாதை, அதாவது நாம தினமும் ‘நெட்’னு சொல்ற பொது இணையம். அங்க வாட்ஸ்அப், யூடியூப், ஆபீஸ் மெயில், உங்க மியூச்சுவல் ஃபண்ட் ஆப் எல்லாம் ஒரே வரிசைல நிக்குது. யாருக்கும் முன்னுரிமை கிடையாது, யாருக்கும் தடையும் கிடையாது. ‘முடிஞ்ச வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்’ங்கறது மட்டும்தான் அங்க வாக்குறுதி.

பணத்தைப் பத்திப் பேசற இடத்துல இதை எதுக்குப் பேசணும்? சம்பளம் வந்த கையோட போற செலவுகள்ல வாடகை, இஎம்ஐக்கு அப்புறம் நாம யோசிக்காமலே கட்டற பில் இதுதான். 2024 ஜூலைல ஜியோவோட தினம் 1.5 ஜிபி, 28 நாள் பிளான் 239 ரூபாய்ல இருந்து 299 ஆச்சு. மத்த கம்பெனிகளும் அதே வாரத்துல ஏத்துனாங்க. 28 நாள் பிளான்னா வருஷத்துக்கு 12 தடவை இல்ல, 13 தடவை ரீசார்ஜ் பண்றோம். 3,107 ரூபாயா இருந்த வருஷச் செலவு 3,887 ஆயிடுச்சு. ஒரு சிம்முக்கு 780 ரூபாய் கூடுதல். வீட்டுல நாலு சிம் இருந்தா 3,120. இவ்வளவு கொடுக்கறோம்ல, அதுக்கு என்ன வாங்கறோம், எந்தப் பாதைக்குக் காசு கட்டறோம்னு தெரிஞ்சுக்கலாமே.

மேனேஜ்டுன்னா கெட்டதா?

இல்ல. நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணைய சமத்துவம் பத்திப் பேசறவங்க சில பேர், எல்லா டேட்டாவும் எப்பவும் ஒரே மாதிரிதான் போகணும்னு சொல்லிடறாங்க. நிஜ உலகம் அப்படி நடக்கறதில்ல.

டீக்கடைல 15 ரூபாய்க்கு யூபிஐ ஸ்கேன் பண்றீங்க. உங்க போன்ல இருந்து ஆப்போட சர்வர் வரைக்கும் போறது பொது இணையம். அங்கேருந்து உங்க பேங்க், என்பிசிஐ, டீக்கடைக்காரரோட பேங்க் இவங்களுக்குள்ள போற தகவல், வெளியாள் நுழைய முடியாத தனி நெட்வொர்க்ல போகுது. ஏடிஎம் மெஷின்களும் அப்படித்தான். பணப் பரிமாற்றமும் கிரிக்கெட் ஸ்ட்ரீமிங்கும் ஒரே வரிசைல நிக்கணும்னு யாரும் கேக்க மாட்டாங்க.

உங்க ஆபீஸ்ல ‘லீஸ்டு லைன்’னு ஒண்ணு இருக்கும். ஐடி டீம்ல யாரையாவது கேட்டுப் பாருங்க, வீட்டுல நாம கட்டற 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் பில்லோட பல மடங்கை அதே 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனுக்குக் கட்டிக்கிட்டு இருப்பாங்க. எதுக்கு? வீட்டு பிராட்பேண்ட் விளம்பரத்துல ‘100 எம்பிபிஎஸ் வரை’ன்னு இருக்கும். அந்த ‘வரை’ங்கற வார்த்தைலதான் விஷயமே இருக்கு. அந்த லைனை நீங்களும் உங்க தெருவுல பல வீடுகளும் பங்கு போட்டுக்கறீங்க. லீஸ்டு லைன்ல 100 எம்பிபிஎஸ்னா ராத்திரி பகல் எந்நேரமும் 100, அப்லோடும் அதே 100. லைன் படுத்துட்டா எவ்வளவு நேரத்துல சரி பண்ணணும், பண்ணலேன்னா பில்லுல எவ்வளவு கழிக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கும். அதாவது அங்க விக்கறது ஒரு உத்தரவாதம். அதுக்குக் கூட காசு கேக்கறது நியாயமான வியாபாரம்தான்.

சிக்கல் எப்ப வருதுன்னா, பொது வரிசையை நடத்தற அதே ஆள், ‘இந்த ஆப் போனா ஃப்ரீ, அந்த ஆப் போனா காசு’ன்னு முடிவு பண்ண ஆரம்பிக்கும்போது. இந்தியால இது ஒரு தடவை நடக்கப் பார்த்தது.

75 ரூபாய்க்கு 75 எம்பி

2014 டிசம்பர். ஸ்கைப், வைபர் மாதிரி இன்டர்நெட் கால்களுக்கு இனிமே சாதாரண டேட்டா பேக் செல்லாது, தனிக் கட்டணம்னு ஏர்டெல் அறிவிச்சது. அதுக்காக வரப்போற தனிப் பேக் 75 ரூபாய்க்கு 75 எம்பின்னாங்க. எம்பிக்கு ஒரு ரூபாய். அதாவது, நீங்க ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கின டேட்டாவை எந்த ஆப்புக்குச் செலவு பண்றீங்கன்னு பார்த்து, அதுக்கு ஏத்த மாதிரி மறுபடியும் ஒரு காசு. எதிர்ப்பு கிளம்பி, ஒரு வாரத்துக்குள்ள அதை நிறுத்தி வெச்சாங்க.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஏலத்துல ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து ஸ்பெக்ட்ரம் வாங்கியிருந்தாங்க. அன்னைக்கு அவங்க வருமானத்துல பெரிய பங்கு கால், எஸ்எம்எஸ்ல இருந்துதான் வந்தது. வாட்ஸ்அப் எஸ்எம்எஸ்ஸை விழுங்கிடுச்சு, அடுத்து காலையும் விழுங்கப் போகுதுங்கற பயம். பயம் நிஜம்தான். அதுக்கு அவங்க எடுத்த மருந்துதான் தப்பு.

2015 மார்ச் 27 அன்னைக்கு டிராய் ஒரு கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்வி, எல்லாம் சட்ட ஆங்கிலம். வழக்கமா இந்த மாதிரி அறிக்கைக்கு கம்பெனி வக்கீல்கள் மட்டும்தான் பதில் அனுப்புவாங்க. இந்தத் தடவை சில தன்னார்வலர்கள் அதைச் சுருக்கி, பதிலும் தயார் பண்ணி இணையத்துல போட்டாங்க. ஏஐபிங்கற காமெடி குழு அதை ஒரு வீடியோவா போட்டது. கொஞ்ச நாள்லயே டிராய்க்கு 10 லட்சத்துக்கு மேல மெயில் போச்சு.

அந்த ஏப்ரல்லயே ஏர்டெல் ‘ஏர்டெல் ஜீரோ’ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தது. இதுல வாடிக்கையாளருக்குச் செலவே இல்ல, ஆப் கம்பெனி டேட்டாவுக்குக் காசு கட்டிடும். அதுல சேரப் பேச்சு நடத்திக்கிட்டு இருந்த ஃப்ளிப்கார்ட்டோட ஆப்புக்கு ஜனங்க வரிசையா ஒரு ஸ்டார் போட, ஏப்ரல் 14 அன்னைக்கு அது விலகிக்கிச்சு.

‘அவன் காசு கட்டறான், நமக்கு ஃப்ரீ, இதுல நமக்கென்ன நஷ்டம்?’னு அப்போ நிறைய பேர் கேட்டாங்க, இப்பவும் கேக்கறாங்க. நல்ல கேள்வி. கொஞ்சம் கணக்கா யோசிப்போம்.

ஆப் கம்பெனி டெலிகாமுக்குக் கட்டற காசு வானத்துல இருந்து விழறதில்ல. நீங்க வாங்கற சட்டை விலைலயோ, டெலிவரி சார்ஜ்லயோ, கடைக்காரர்கிட்ட பிடிக்கற கமிஷன்லயோ அது திரும்பி வரும். டேட்டா பில்லா கட்ட வேண்டியதைப் பொருள் விலையா கட்டறீங்க, அவ்வளவுதான். பில்லா இருந்தா கண்ணுல தெரியும். விலைக்குள்ள போயிட்டா தெரியாது.

அடுத்தது இன்னும் முக்கியம். கோயம்புத்தூர்ல ரெண்டு பேர் சேர்ந்து ஒரு ஆப் பண்றாங்கன்னு வெச்சுக்குங்க. பெரிய கம்பெனி ஆப்பை விட நல்லாவே இருக்கு. ஆனா டெலிகாமுக்குக் கட்ட அவங்ககிட்ட காசு இல்ல. மாசக் கடைசி, போன்ல பேலன்ஸ் கம்மி. எதைத் திறப்பீங்க? ஃப்ரீயா ஓடறதைத்தானே. அந்தக் கோயம்புத்தூர் ஆப் தோத்தது தரத்துல இல்ல, வாசல்லயே நிறுத்திட்டாங்க. இன்னைக்கு நம்மள்ல நிறைய பேர் சம்பளம் வாங்கற ஸ்டார்ட்அப் கம்பெனிகள் அன்னைக்கு அந்த நிலைமைலதான் இருந்தது.

ஃப்ரீ பேசிக்ஸ்: கஷ்டமான கேள்வி

அதே 2015 பிப்ரவரில ஃபேஸ்புக், அனில் அம்பானியோட ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கூட சேர்ந்து ‘இன்டர்நெட் டாட் ஆர்க்’னு ஒண்ணைக் கொண்டு வந்தது. முதல்ல வந்த இடங்கள்ல தமிழ்நாடும் சென்னையும் உண்டு, அதனால சில பேருக்கு ஞாபகம் இருக்கலாம். முப்பதுக்கும் மேற்பட்ட தளங்கள் மட்டும் இலவசம். அந்தப் பட்டியலுக்கு வெளியே போனா காசு. செப்டம்பர்ல அதுக்கு ‘ஃப்ரீ பேசிக்ஸ்’னு பேர் மாத்தினாங்க.

டிசம்பர்ல டிராய் ரெண்டாவது தடவை கருத்துக் கேட்டப்போ, ஃபேஸ்புக் ரெண்டு பக்கம் விரியற அளவுக்குப் பேப்பர் விளம்பரம், ஊரெல்லாம் போர்டுன்னு இறங்கிடுச்சு. ஃபேஸ்புக் திறந்தா, ‘ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாத்த டிராய்க்கு மெயில் அனுப்புங்க’ன்னு பட்டன் வந்தது. மொத்தம் 24 லட்சம் கருத்து வந்து சேர்ந்தது. அதுல பெரும் பகுதி ஃபேஸ்புக் வழியா வந்த அச்சடிச்ச மாதிரி பதில்கள். நாங்க கேட்ட கேள்விக்கு இதுல பதிலே இல்லையேன்னு டிராயே சொல்லிச்சு.

எதிர்த் தரப்பு வாதம் சாதாரணமா தள்ளிவிடக் கூடியது இல்ல. ‘நீங்க சிட்டில வைஃபைல உக்கார்ந்துக்கிட்டு சமத்துவம் பேசறீங்க. டேட்டா பேக் போட வழியே இல்லாத ஒருத்தருக்கு, ஒண்ணுமே இல்லாததுக்கு முப்பது தளம் பரவாயில்லையா?’ இதைக் கேட்டா பதில் சொல்லத் தடுமாறத்தான் செய்யும். வயித்துப் பசிக்கு முன்னாடி ‘மெனு பூரா கிடைக்கணும்’னு வாதாடற மாதிரிதான் இருக்கும்.

2016 பிப்ரவரி 8 அன்னைக்கு டிராய் சொன்ன பதில் எனக்குச் சரியாப்பட்டது. எந்த உள்ளடக்கத்தைப் பார்க்கறாங்கங்கறதை வெச்சு டேட்டாவுக்கு வேற வேற விலை வைக்கக் கூடாது. மீறினா ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம். அவசர காலச் சேவைக்கு விலக்கு உண்டு. ஏழைகளுக்கு உதவணும்னா, அளவா ஃப்ரீ டேட்டா கொடுங்க, அதுல அவங்க இஷ்டப்பட்ட எந்தத் தளத்தையும் திறந்துக்கட்டும். இணையம்னா என்னன்னே இன்னும் பார்க்காத ஒருத்தருக்கு, ஒரு கம்பெனி பொறுக்கிக் கொடுத்த முப்பது தளத்தை ‘இதுதான் இன்டர்நெட்’னு காட்டிட்டா, பட்டியல்ல எது விட்டுப்போச்சுன்னு அவர் எப்படித் தெரிஞ்சுப்பார்?

ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவுல அத்தோட முடிஞ்சது. ஆனா அதுக்கப்புறம் டேட்டா விலை விழுந்ததுக்கு இந்த விதி காரணம் இல்ல. 2016 செப்டம்பர் 5 அன்னைக்கு ஜியோ வந்தது, பல மாசம் இலவசமாவே கொடுத்தது, மத்தவங்க வேற வழியில்லாம விலையைக் குறைச்சாங்க. அந்தப் போட்டில சின்ன கம்பெனிகள் தாக்குப்பிடிக்கல. 2018 பிப்ரவரில ஏர்செல் சிக்னல் திடீர்னு போய், நம்பரைப் போர்ட் பண்ண தமிழ்நாடே கடை கடையா அலைஞ்சது மறந்திருக்காது. ஃப்ரீ பேசிக்ஸ் கொடுத்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட மொபைல் சேவையும் மூடியாச்சு. இன்னைக்கு மூணு தனியார், ஒரு பிஎஸ்என்எல். ஆப்புக்கு ஆப் பாரபட்சம் காட்டாதேன்னுதான் விதி சொல்லும். எல்லாத்துக்கும் சேர்த்து விலை ஏத்தாதேன்னு அது சொல்லாது. 2024ல நடந்தது அதுதான்.

சிறப்பு தரிசன வரிசை

2018ல தொலைத்தொடர்புத் துறை நெட் நியூட்ராலிட்டியை லைசென்ஸ் நிபந்தனையாவே சேர்த்துடுச்சு. விலைல மட்டும் இல்ல, வேகத்துலயும் பாரபட்சம் கூடாது. குறிப்பிட்ட ஆப்பைத் தடுக்கறது, மெதுவாக்கறது, ஒண்ணை மட்டும் வேகமாக்கறது எதுவும் கூடாது. ரெண்டு விலக்கு வெச்சாங்க. நெரிசலைச் சமாளிக்க நியாயமான அளவுல டிராஃபிக்கைக் கட்டுப்படுத்தலாம். தூரத்துல இருந்து ஆபரேஷன் பண்றது, தானா ஓடற கார் மாதிரி உத்தரவாதம் தேவைப்படற சிறப்புச் சேவைகளுக்குத் தனிப் பாதை போடலாம், ஆனா அதனால பொது இணையத்தோட தரம் குறையக் கூடாது.

தினசரி 1.5 ஜிபி தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்க்கு விழுதே, அது விதிமீறலான்னு கேட்டா, இல்ல. எரிச்சலா இருக்கும், ஆனா எல்லா ஆப்புக்கும் ஒரே மாதிரி விழுது. ராத்திரி 12 மணிக்கு மேல அன்லிமிடெட்னு கொடுக்கறதும் சரிதான், நேரத்தை வெச்சுத்தான் சலுகை, தளத்தை வெச்சு இல்ல.

அப்போ ஆப்பை வெச்சுப் பாரபட்சம் காட்டாம, ஆளை வெச்சுக் காட்டினா? கூடக் காசு கட்டற ஆளுக்கு டவர்ல முன்னுரிமை! 2020ல இதுவும் வந்தது. வோடஃபோன் ஐடியா ‘ரெட்எக்ஸ்’, ஏர்டெல் ‘பிளாட்டினம்’னு விலை கூடின போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்களுக்கு 4ஜி-ல வேகமான, முன்னுரிமையான சேவைன்னு விளம்பரம் பண்ணாங்க. ஜூலைல டிராய் ரெண்டையும் நிறுத்தச் சொல்லி, மத்த வாடிக்கையாளர்களோட தரம் இதனால குறையுமா இல்லையான்னு கேட்டது. வோடஃபோன் ஐடியா தீர்ப்பாயத்துக்குப் போய் இடைக்கால நிவாரணம் வாங்கினது. அடுத்த மாசமே, நீங்க சொல்ற முன்னுரிமைங்கறது தெளிவாவே இல்லையேன்னு விளக்கம் கேட்டு டிராய் நோட்டீஸ் அனுப்பிச்சு.

இதைப் புரிஞ்சுக்க பெரிய கோயில் வரிசையை நினைச்சுப் பாருங்க. தர்ம தரிசனம் ஒரு வரிசை, கட்டண தரிசனம் ஒரு வரிசை. டிக்கெட் வாங்கினவர் சீக்கிரம் போறார், சந்தோஷம். ஆனா சன்னதி ஒண்ணுதான். நூறு ரூபாய் வரிசை நகர நகர, இந்தப் பக்கம் கயிறு கட்டி நிறுத்துவாங்க. டவரும் அப்படித்தான். ஸ்பெக்ட்ரம் அளவு மாறாது. கூட்ட நேரத்துல ஒருத்தருக்கு முன்னுரிமைன்னா இன்னொருத்தருக்குப் பின்னுரிமை. கூட்டமே இல்லாத நேரத்துலயோ முன்னுரிமைக்கு அர்த்தமே இல்ல, வெறும் போன்லயே எல்லாருக்கும் வேகம் வரும். அதனால இந்த மாதிரி பிளானைப் பார்த்தா நான் கேக்கற ஒரே கேள்வி, ‘குறைஞ்சபட்சம் எவ்வளவு வேகம்னு எழுதித் தருவீங்களா?’ லீஸ்டு லைன்காரன் எழுதித் தர்றான். எழுதித் தராத முன்னுரிமைக்கு மாசாமாசம் கூடக் காசு கொடுக்கறது, என் கணக்குல வீண்.

5ஜி-ல இந்தக் கேள்வி இன்னும் பெருசாகும். ஒரே நெட்வொர்க்கைச் சாஃப்ட்வேர் மூலமா துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு தரம் கொடுக்கலாம். நெட்வொர்க் ஸ்லைசிங்னு பேர். வீட்டுக்கு வயர் இல்லாம பிராட்பேண்ட் கொடுக்கற ஏர்ஃபைபருக்குத் தனி ஸ்லைஸ் வெச்சிருக்கோம்னு ஜியோ சொல்லியிருக்கு. தொழிற்சாலைக்கோ துறைமுகத்துக்கோ தனி ஸ்லைஸ்னா நல்லதுதான். அதே ஸ்லைஸை ஒரு குறிப்பிட்ட ஓடிடிக்கோ கேமுக்கோ கொடுத்தா, 2015ல முன்வாசல்ல நிறுத்தினது பின்வாசல் வழியா உள்ளே வந்த மாதிரி. ரோடு போடறவரே அந்த ரோட்டோரம் கடையும் வெச்சிருக்கார்ங்கறதை மறந்துடாதீங்க. ஜியோஹாட்ஸ்டார்ல பெரும்பங்கு ரிலையன்ஸ் குழுமத்தோடது.

கொரியாவுல நடந்தது

நம்ம டெலிகாம் கம்பெனிகளோட இப்போதைய கோரிக்கை வேற. யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி பெரிய ஆளுங்கதான் நெட்வொர்க்கை நிரப்பறாங்க, அதனால அவங்களும் நெட்வொர்க் செலவுல பங்கு கொடுக்கணும்னு 2023ல இருந்து சத்தமாவே கேக்கறாங்க. கேக்க நியாயமா இருக்கும். ஆனா அந்த டேட்டாவுக்கு நாம ஏற்கெனவே ரீசார்ஜ் பண்ணிட்டோம். யூடியூப் இல்லேன்னா தினம் 1.5 ஜிபி யாருக்கு வேணும்?

தென்கொரியாவுல இது நிஜமாவே நடந்திருக்கு. 2016ல அங்க நெட்வொர்க் கம்பெனிகளுக்குள்ள, டேட்டாவை அனுப்பறவர் காசு கட்டணும்னு விதி வந்தது. கொஞ்ச வருஷத்துல அந்தச் சுமை உள்ளடக்கம் தர்ற கம்பெனிகள் மேல இறங்குச்சு. ‘ஸ்க்விட் கேம்’ தொடர் சக்கைப்போடு போட்ட 2021ல, உங்களாலதான் எங்க டிராஃபிக் ஏறுதுன்னு எஸ்கே பிராட்பேண்ட் நெட்ஃப்ளிக்ஸ் மேல வழக்கே போட்டது. 2023ல சமாதானமாப் போனாங்க. கேம் விளையாடறதை நேரலையா காட்டற ட்விட்ச் தளம் முதல்ல அங்க வீடியோ தரத்தை 720பி-யா குறைச்சது. அப்பவும் கட்டுப்படியாகல. மத்த பெரும்பாலான நாடுகளை விட இங்க நெட்வொர்க் கட்டணம் பத்து மடங்குன்னு சொல்லிட்டு 2024 பிப்ரவரி 27 அன்னைக்குக் கொரியாவை விட்டே போயிடுச்சு. அதுல ஸ்ட்ரீம் பண்ணிச் சம்பாதிச்சுக்கிட்டு இருந்த இளைஞர்கள் வேற தளம் தேடிப் போனாங்க. அதனால இங்கே ‘பெரிய கம்பெனிதானே கட்டட்டும்’னு யாராவது சொன்னா, அது எந்த வழியா உங்க ஓடிடி சந்தாவுல வந்து நிக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

சரி, உங்க பில்லை எடுங்க

ஆப்பை வெச்சு டேட்டா விலையை மாத்த முடியாதுன்னதும், சலுகை வேற உருவம் எடுத்துடுச்சு. ரீசார்ஜோட ஓடிடி சந்தா சேர்த்துக் கொடுக்கறாங்க. இது விதிமீறல் இல்ல, ஏன்னா அந்த ஓடிடி பார்க்கும்போதும் உங்க டேட்டா மத்ததைப் போலவே குறையுது. ஆனா உங்க பழக்கத்தை ஒரு பக்கமாச் சாய்க்கற வேலையை இதுவும் செய்யுது. இதுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஓடிடி இருக்கற பிளான் விலைல இருந்து, அதே டேட்டா, அதே நாள் உள்ள ஓடிடி இல்லாத பிளான் விலையைக் கழிங்க. வர்ற தொகைதான் நீங்க அந்த ஓடிடிக்குக் கட்டற சந்தா. தனியா அந்தத் தொகையைக் கேட்டா கட்டுவீங்களா? கட்ட மாட்டீங்கன்னா அது ‘ஃப்ரீ’ இல்ல, தேவையில்லாத செலவு.

அடுத்து, உங்க நியூட்ரல் டேட்டாவை எவ்வளவு பயன்படுத்தறீங்கன்னு பாருங்க. 299 ரூபாய்க்கு 28 நாள், தினம் 1.5 ஜிபின்னா மொத்தம் 42 ஜிபி. முழுசா பயன்படுத்தினா ஜிபிக்கு சுமார் 7 ரூபாய். வீட்டுல ஃபைபர், ஆபீஸ்ல வைஃபை, பஸ்ல மட்டும் மொபைல் டேட்டாங்கறவர் தினம் அரை ஜிபிதான் தொடுவார். அவருக்கு ஜிபி 21 ரூபாய்க்கு மேல ஆகுது. தினசரி மீதி ராத்திரி 12 மணிக்குக் காலாவதி. போன் செட்டிங்ஸ்ல போன மாசம் எவ்வளவு மொபைல் டேட்டா போச்சுன்னு ரெண்டு தட்டுல தெரியும். 15 ஜிபிக்குக் கீழேன்னா, மொத்தமா இவ்வளவு ஜிபின்னு தர்ற நீண்ட நாள் பிளான் இருக்கான்னு தேடுங்க.

ஊர்ல இருக்கற அப்பா, அம்மாவுக்கும் நாமதான் ரீசார்ஜ் பண்றோம். பட்டன் போன் வெச்சிருக்கறவங்களுக்கு டேட்டா எதுக்கு? கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் கண்டிப்பா இருக்கணும்னும், 365 நாள் வரைக்கும் செல்லுபடியாகற மாதிரி பேக் தரலாம்னும் 2024 டிசம்பர்ல டிராய் விதியைத் திருத்துச்சு. ஆப்கள்ல அந்தப் பேக்கை முதல் பக்கத்துல வைக்க மாட்டாங்க, கீழ வரைக்கும் தள்ளிப் போய்த் தேடணும்.

ஃபைபரோட டிவியும் சேர்த்து வாங்கறீங்கன்னா, அதுல வர்ற ஐபிடிவி மேனேஜ்டு சேவை. அதே வயர்ல வந்தாலும் பொது இணைய வரிசைல நிக்காது. வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: டிவி ஓடும்போது என் பிராட்பேண்ட் வேகம் குறையுமா? ரெண்டையும் தனித்தனியா ரத்து பண்ண முடியுமா?

கடைசியா, ‘இந்த ஒரு ஆப் மட்டும் எனக்கு ஸ்லோவா இருக்கு, வேணும்னே பண்றாங்களோ’ன்னு சந்தேகம் வந்தா உடனே சண்டைக்குப் போகாதீங்க. பல நேரம் அந்த ஆப்போட சர்வர்லதான் கோளாறு இருக்கும். ஒரு சாதாரண ஸ்பீடு டெஸ்ட் பண்ணுங்க, டிராயோட ‘மைஸ்பீடு’ ஆப்பே இருக்கு. அதே இடத்துல, அதே நேரத்துல, நெட்ஃப்ளிக்ஸ் நடத்தற ‘ஃபாஸ்ட் டாட் காம்’லயும் பண்ணுங்க. அது நெட்ஃப்ளிக்ஸ் சர்வர்கள்ல இருந்தே வேகத்தை அளக்குது. முதல்ல 40, ரெண்டாவதுல 4னு பல நாள் தொடர்ந்து வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. வேற நெட்வொர்க் வெச்சிருக்கற நண்பர் போன்லயும் ஒரு தடவை பாருங்க. அங்க சரியா வந்தா 198க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு பண்ணி, டாக்கெட் நம்பரை வாங்கிக்குங்க. பதில் திருப்தியா இல்லேன்னா அதே கம்பெனில அப்பீல் அதிகாரி இருக்கார், 30 நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். டிராய்க்கு நேரா தனிநபர் புகார் அனுப்பினா, அவங்க அதைக் கம்பெனிக்கே தள்ளி விட்டுடுவாங்க. டாக்கெட் நம்பர் இல்லாம எங்கயும் வேலை நடக்காது.